கைராசி வேணுமா, அம்மணி?

எங்கூரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புது டாக்டரா வந்திருக்கீங்க, சந்தோசம் அம்மணி. ஆனா வந்த மொத மாசத்துலயே உங்க பேரு கெட்டுப் போச்சுங்களே! டீக்கடையில பேசிக்கறாங்க: "அந்தப் புள்ள வேலைக்கு ஆகாதுங்க. சளின்னு போனா ஊசி போடறதில்ல. சுடுதண்ணி குடிங்க, மூணு நாள்ல சரியாப் போயிரும்னு சொல்லி அனுப்புது. இதைச் சொல்ல எதுக்குங்க ஒரு டாக்டரு? எங்க ஆத்தா சொல்ல மாட்டாளா?"

படிச்ச புள்ளை நீங்க. ஆனா ஊரு நெளிவு சுளிவைக் காலேஜுல சொல்லித் தர்றதில்ல போலிருக்குது. இந்தக் கெழவன் எத்தனையோ டாக்டருங்களைப் பாத்தாச்சு, எத்தனையோ டாக்டருங்க இந்தக் கெழவனைப் பாத்தாச்சு. அதுக்கோசரம் நாலு யோசனை சொல்றேன், கேட்டுக்குங்க. பீஸ் வேண்டாம். ஓசியில கெடைக்கறதுக்கு எங்கூர்ல மருவாதி இல்லைன்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் சொல்றேன்.

மொத யோசனை, ஊசி. ஊசி போடாத டாக்டரு எங்க கணக்குல டாக்டரே இல்லீங்க. டவுனுக்குப் போற வழியில ஒருத்தரு கடை போட்டிருக்காரு. என்ன படிச்சாருன்னு போர்டுல தேடிப் பாத்தேன், போன் நம்பர்தான் இருந்துச்சு. மேலுக்கு முடியலைன்னு போனா நாடி பிடிக்கறாரோ இல்லையோ, ரெண்டு ஊசி போட்டுடுவாரு. காலையில சுருண்டு கெடந்தவன் பொழுதோட எந்திரிச்சுக் களை வெட்டப் போறான். கேட்டா அது ஸ்டீராய்டுன்னு நீங்க சொல்லுவீங்க. வலியும் வீக்கமும் அமுங்கும், உள்ள இருக்கற சீக்கு அப்படியே கெடக்கும், அடிக்கடி போட்டா சக்கரை ஏறும், எலும்பு தேயும்பீங்க. எல்லாம் வாஸ்தவந்தான். ஆனா அது ஏறித் தேயறதுக்கு நாலஞ்சு வருசம் ஆகுமுங்களே! அப்ப அவன் வந்து நிக்கறது உங்க வாசல்ல. "அவரு எந்திரிக்க வெச்சாரு, இந்தம்மாகிட்ட வந்த பொறவுதான் சக்கரை வந்துச்சு"ன்னு ஊரு தீர்ப்புச் சொல்லிப் போடும்.

ரெண்டாவது யோசனை, குளுக்கோஸ். ஒறம்பரை வீட்டுல ஒருத்தருக்கு முடியலைன்னா நாங்க கேக்கற மொத கேள்வி, "பாட்டில் ஏத்தினாங்களா?" ஏத்தலைன்னா அது சீக்கே இல்ல, பாக்கப் போறவங்க ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போறதும் தண்டம். நீங்க ஒரு நா நர்சம்மாகிட்ட சொல்லிட்டிருந்தீங்க, நான் காது குடுத்துக் கேட்டேன். அரை லிட்டரு குளுக்கோஸ் பாட்டில்ல, அந்த அஞ்சு சதவீத பாட்டில்ல, இருக்கறது 25 கிராம் சக்கரைன்னு. உப்புத் தண்ணி பாட்டிலா இருந்தா நாலரை கிராம் உப்பு. வாய் வழியா குடிக்க முடிஞ்சவனுக்கு அதை ஊசி வழியா ஏத்தறதுல பெரிய லாபம் இல்லைன்னீங்க. அம்மணி, இந்தக் கணக்கை வெளிய விட்டுடாதீங்க! ஒரு ரூவாய்க்குச் சக்கரை வாங்கி வீட்டுலயே கலக்கிக் குடிக்கலாம்னு தெரிஞ்சா, சொட்டுச் சொட்டா எறங்கறதைப் பாத்துக்கிட்டு ஒறம்பரை சுத்தி நிக்கறது என்ன ஆகறது? அந்த ஒரு மணி நேரம் மருமக மாமியாளோட கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அதுக்கு எந்த மெடிக்கல் கடையிலயும் மருந்து விக்கறதில்லீங்க.

மெடிக்கல் கடைன்னதும் ஞாபகம் வருது. "காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்கண்ணா"ன்னு கேட்டா, கடைக்காரத் தம்பி நாலு மாத்திரையைக் கத்திரிச்சுக் காயிதத்துல மடிச்சுக் குடுத்துடுவாப்ல. ஒண்ணு மஞ்சள், ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கேப்சூலு, ஒண்ணு வயித்துக்கு. அந்தக் கேப்சூலு பாக்டீரியாவைக் கொல்ற மருந்து, வைரஸ் காய்ச்சலுக்கு அது ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்க படம் வரைஞ்சு சொவத்துல ஒட்டியிருக்கீங்க. ரெண்டு வேளை தின்னுட்டு நிறுத்தினா கிருமி பழகிப் போயி, நெசமா வேணும்கறப்ப மருந்து கேக்காதுன்னும் எழுதியிருக்கீங்க. அழகா வரைஞ்சிருக்கீங்க. அதுக்குக் கீழ உக்காந்துதான் எங்காளுங்க அந்தச் செட்டைப் பிரிச்சு முழுங்கறாங்க.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வர்றேன், கைராசி. இது இல்லாம எந்த டாக்டரும் எங்க நாட்டுல பொழைக்க முடியாது. கைராசி எப்படி வருதுன்னு பல வருசமாக் கவனிச்சு வெச்சிருக்கேன். சாதாரணக் காய்ச்சலு அஞ்சு நாள் இருந்துட்டுத் தானாப் போற சாமான். மொத நாள் பாத்த டாக்டரு மருந்து குடுத்தாலும் மறுநா காய்ச்சல் அடிக்கும். அவரு ஆகாத டாக்டரு. மூணாம் நாள் வேற ஆளு, அப்பவும் அடிக்கும், அவரு பணம் புடுங்கி. அஞ்சாம் நாள் சாயந்தரம் போயி ஒருத்தருகிட்ட நிப்பான் பாருங்க, அவரு ஸ்டெதஸ்கோப்பை வெக்கறதுக்குள்ள வேர்த்து எறங்கிப் போயிரும். அவருக்குத்தான் கைராசி! அதனால உங்களுக்கு என்ற யோசனை, மொத நாளும் மூணாம் நாளும் வர்றவங்களை லீவுன்னு திருப்பி அனுப்பிப் போடுங்க. அஞ்சாம் நாள் மட்டும் கதவைத் தொறங்க. ஆறு மாசத்துல அம்மன் கோயில் பூசாரியை விட நீங்க பெரிய ஆளு.

மூணாவது யோசனை, படிப்பு. "வெறும் எம்பிபிஎஸ்தானுங்களா?"ன்னு உங்க மூஞ்சிக்கு நேரா கேட்டாரு பாருங்க அந்தப் பெரிய மனுசன், அவருக்கு உங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல. எங்காளுக்குத் தலைவலின்னா நரம்பு டாக்டரு, நெஞ்செரிச்சல்னா இருதய டாக்டரு, முட்டி வலின்னா எலும்பு டாக்டரு. எந்தச் சீக்குக்கு எந்த டாக்டருன்னு அவனே முடிவு பண்ணிட்டுத்தான் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறுவான். என்ற சகலை வீட்டுல போயிப் பாருங்க, அஞ்சு ஆஸ்பத்திரி பைல் இருக்குது. ஒரே வலிக்கு மூணு டாக்டரு மூணு பேருல ஒரே மாத்திரையை எழுதிக் குடுத்திருக்காங்க, அந்த மனுசன் மூணையும் முழுங்கறான். அஞ்சு பைலையும் ஒண்ணா வெச்சுப் பாக்கற ஆளு ஒருத்தரும் இல்ல. அந்த ஆளு நீங்கதான், ஆனா உங்ககிட்ட காட்டினா அவனுக்குக் கவுரவக் கொறைச்சல்.

உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கோணும், கோச்சுக்காதீங்க. எப்ப மேல்படிப்புக்குப் போறீங்க? அரசாங்க டாக்டருங்களுக்கு அதுல ஒதுக்கீடு இருக்குது, மலையிலயும் கிராமத்துலயும் வேலை பாத்தா அதுக்கு மார்க்கும் உண்டுன்னு எனக்கும் தெரியும். உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். எம்பிபிஎஸ்ஸோட நின்னா ஊரு மதிக்காது, பொண்ணு பாக்க வர்றவன் மதிக்க மாட்டான், டிபார்ட்மெண்டும் மதிக்காது. அதனால வர்ற டாக்டரெல்லாம் ஒரு கால் இங்க, ஒரு கால் பரீட்சை ஹாலுலன்னு நிக்கறாங்க. எங்க வூட்டுல யாருக்கு என்ன சீக்குன்னு அவங்க தெரிஞ்சுக்கறதுக்குள்ள பெட்டி கட்டிருவாங்க. குடும்ப டாக்டருன்னா குடும்பத்தைத் தெரிஞ்ச டாக்டருன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டிருந்தேன். இப்பல்லாம் எங்க குடும்பத்தை முழுசாத் தெரிஞ்சு வெச்சிருக்கறது நகைக்கடன் குடுக்கற பேங்க்காரரு மட்டுந்தான்.

"அந்தக் காலத்து டாக்டரு ஆகுமா"ன்னு ஒரு பாட்டு எங்கூர்ல எப்பவும் ஓடும். கோயமுத்தூர்ல பாலசுப்பிரமணியம்னு ஒரு டாக்டரு இருந்தாரு, 20 ரூவா டாக்டருன்னா கொழந்தைக்கும் தெரியும். 2016-ல அவரு காலமானப்ப சனம் அலை மோதுச்சு. சென்னையில வியாசர்பாடியில திருவேங்கடம்னு ஒருத்தரு, 1973-ல 2 ரூவா வாங்கிட்டுப் பாக்க ஆரம்பிச்சவரு, பின்னால 5 ரூவா ஆச்சு, 2020-ல அவரும் போயிட்டாரு. கும்பிடோணும் அவங்களை, அதுல ரெண்டு பேச்சுக்கு எடமில்ல.

ஆனா கேளுங்க அம்மணி, அவங்களைப் புகழறதுல எங்களுக்கு ஒரு தந்திரம் இருக்குது. 5 ரூவாய்க்குப் பாத்தா டாக்டரு தெய்வம், 200 ரூவா கேட்டா டாக்டரு கொள்ளைக்காரன். ரெண்டுலயும் மிச்சமாகறது எங்க காசு. தெய்வத்துக்குக் கரண்டு பில்லு யாரு கட்டறாங்க, கம்பவுண்டருக்குச் சம்பளம் யாரு குடுக்கறாங்கன்னு நாங்க கேக்கறதில்ல. எட்டுக் கோடி சனத்தோட வைத்தியத்தைப் பத்துப் பேரோட நல்ல மனசு மேல ஏத்தி வெச்சுட்டு, அந்தப் பத்துப் பேரும் போன பொறவு போஸ்டர் அடிச்சு அழறோம். அதுக்கு அரசாங்கம் எதுக்கு, வரி எதுக்கு?

வரின்னு வந்துட்டதால காசுக் கணக்கையும் பேசிப் போடலாம். இதை மனசு வெச்சுக் கேட்டீங்கன்னா உங்க சங்கக் கூட்டத்துல பேசறதுக்கு ஆகும்.

வெள்ளக்காரன் போறதுக்கு முந்தி, 1943-ல ஜோசப் போர்னு ஒரு ஐசிஎஸ் அதிகாரி தலைமையில ஒரு கமிட்டி போட்டாங்க. 1946-ல அறிக்கை குடுத்தாரு. காசு இல்லைங்கறதுக்காக ஒருத்தனுக்கும் வைத்தியம் கெடைக்காமப் போகக் கூடாதுங்கறதுதான் அதுக்கு அஸ்திவாரம். இப்போதைக்கு 40,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், போகப் போக பத்தாயிரம் இருபதாயிரம் பேருக்கு ஒண்ணு, அதுல 75 படுக்கைன்னு எழுதி வெச்சாரு. இன்னைக்குச் சமவெளியில 30,000 பேருக்கு ஒண்ணு, மலையில 20,000 பேருக்கு ஒண்ணுன்னு கணக்கு. படுக்கை எத்தனைன்னு நீங்களே உங்க நிலையத்துல எண்ணிப் பாருங்க, ரெண்டு கை விரலுக்கு மேல தேவைப்படாது. அதுலயும் ஒண்ணுல பழைய ரிஜிஸ்டருங்க படுத்திருக்குது.

அப்பறம் 1978-ல சோவியத் நாட்டுல அல்மா அட்டாங்கற ஊர்ல ஒலகமே கூடி, 2000-க்குள்ள எல்லாத்துக்கும் ஆரோக்கியம், அதுக்கு வழி ஆரம்ப சுகாதாரந்தான்னு சத்தியம் பண்ணுச்சு. 2017-ல நம்ம மத்திய அரசு ஒரு கொள்கை எழுதுச்சு. நாட்டு வருமானத்துல நூத்துக்கு ரெண்டரை ரூவாயை 2025-க்குள்ள அரசாங்கம் ஆரோக்கியத்துக்குச் செலவு பண்ணும், அதுலயும் மூணுல ரெண்டு பங்கு ஆரம்ப நிலை வைத்தியத்துக்குப் போகும்னு. 2021-22 கணக்குப்படி மத்திய மாநில அரசுங்க எல்லாம் சேந்து பண்ணுன செலவு 1.84 ரூவா. எழுதறதுக்கு நம்மளை மிஞ்ச ஆளில்லீங்க.

நல்லதையும் சொல்லோணுமில்ல? வைத்தியத்துக்கு ஆகற மொத்தச் செலவுல சனங்க சொந்தப் பையில இருந்து எடுத்துக் குடுக்கறது 2013-14-ல நூத்துக்கு 64 ரூவாயா இருந்துச்சு. 2021-22-ல 39 ரூவாயா எறங்கியிருக்குதுன்னு அரசாங்கக் கணக்கு சொல்லுது. எறங்கினது நல்லதுதான். ஆனா அந்தக் கணக்குப்படியே நூத்துக்கு 39 ரூவா பையில இருந்து போகுது பாருங்க, அது பெரிய ஆபரேசனுக்கு மட்டும் போறதில்ல. மாசா மாசம் மாத்திரைக்கும் டெஸ்ட்டுக்கும் டோக்கன் பீஸுக்கும் சில்லறை சில்லறையாப் போகுது.

இப்ப காப்பீட்டுக் கார்டு இருக்குது. தமிழ்நாட்டுல 2009-ல ஆரம்பிச்சது, இப்ப வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும். மத்திய அரசு திட்டம் 2018-ல வந்துச்சு. குத்தம் சொல்ல மாட்டேன், என்ற மச்சானுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சது அந்தக் கார்டுலதான், இன்னைக்கும் சீட்டாடிக்கிட்டு இருக்கான். ஆனா அந்தக் கார்டுக்கு ஒரு கொணம். நின்னுக்கிட்டிருக்கறவனை அதுக்குக் கண்ணு தெரியாது, படுத்தாத்தான் தெரியும். காய்ச்சலுக்கு ஓபி சீட்டு, சக்கரைக்கு மாச மாத்திரை, பிரசர் செக்கப்பு, இதுக்கெல்லாம் அது அசையாது. கிட்னி கெட்டு டயாலிசிஸ்னு போங்க, கால்ல புண்ணு அழுகி ஆபரேசன்னு போங்க, டக்குனு தொறந்துக்கும்.

எங்க தோட்டத்துக் கெணத்துல மோட்டாரு இருக்குது அம்மணி. அடியில புட்டுவால்வுல குப்பை அடைச்சுக்கும். வருசத்துக்கு ஒருக்கா ஒருத்தன் எறங்கிச் சுத்தம் பண்ணோணும், அவன் நூறு ரூவா எச்சாக் கேப்பான். என்ற பையன் குடுக்க மாட்டான். தண்ணி ஏறாம மோட்டாரு முக்கி முக்கிக் காயில் புகைஞ்சு போன பொறவு, காங்கேயத்துக்கு வண்டி வெச்சுத் தூக்கிட்டுப் போயி ஆயிரக் கணக்குல குடுத்துக் காயில் கட்டிட்டு வருவான். வந்து என்ன சொல்லுவான்? "காயில் கட்டறவன் கெட்டிக்காரனுங்க அப்பா." புட்டுவால்வு சுத்தம் பண்றவன் பேரு அவனுக்கு இன்னைக்கும் தெரியாது. நம்ம சர்க்காரு காசு போற வழியும், எங்க ஊரு மருவாதி போற வழியும் இதேதான்.

தமிழ்நாட்டுல சக்கரை வியாதி வயசு வந்தவங்கள்ல நூத்துக்கு 14 பேருக்கு மேல இருக்குதுன்னு 2023-ல ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்லுச்சு. அந்த ஆய்வு வர்றதுக்கு முந்தியே 2021 ஆகஸ்டுல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில "மக்களைத் தேடி மருத்துவம்" ஆரம்பிச்சாங்க. மாத்திரை வூட்டு வாசலுக்கே வருது. எங்கூர்ல அது எங்க போகுதுன்னு சொல்லட்டுங்களா? பழைய பிஸ்கெட் டப்பாவுக்குள்ள போகுது. "கவர்மெண்ட் மாத்திரையில பவர் கம்மிங்க, நான் டவுனுல வாங்கிக்கறேன்." அந்த மாத்திரையை வாங்கறதுக்குன்னே 1994-ல இருந்து மருத்துவ சேவைக் கழகம்னு ஒண்ணு இருக்குது, மொத்தமா டெண்டர் விட்டு வாங்கி, லேபுல சோதிச்ச பொறவுதான் அனுப்புது, ராஜஸ்தான் மாதிரி மாநிலங்க இதைப் பாத்துத்தான் அவங்களும் ஆரம்பிச்சாங்கன்னு சொல்லிப் பாத்தேன். அந்தாளு யோசிச்சுட்டு, "அப்படின்னா எதுக்குங்க ஓசியில குடுக்கறாங்க?"ன்னு கேட்டான். பதில் சொல்ல முடியாம கம்முனு வந்துட்டேன். அதனாலதான் சொல்றேன், மாத்திரை அட்டை மேல 450 ரூவான்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுங்க. வாங்கறவன் கையிலயே தண்ணி ஊத்தி முழுங்கிட்டுத்தான் மறுவேலை பாப்பான்.

மாத்திரையை விடுங்க, கோயமுத்தூருக்குப் பிரசவத்துக்குப் போற மகராசியும் கர்ப்பத்தைப் பதியற பிக்மி நம்பருக்கு உங்ககிட்டத்தானே வரோணும்? அந்த நம்பரைப் போடற கையிலதான் அம்மணி, நம்ம நாட்டுப் பெருமையே இருக்குது. 2020 கணக்குல பொறக்கற ஆயிரம் கொழந்தையில ஒரு வயசுக்குள்ள போறது இந்தியா பூராவும் 28, தமிழ்நாட்டுல 13. இதுல பெரிய டாக்டருங்க பங்கும் இருக்குது. ஆனா வெயில்ல நடந்து வந்து வயித்தைத் தொட்டுப் பாத்து, இரும்புச் சத்து மாத்திரையை முழுங்க வெச்சு, தடுப்பூசிக்குத் தேதி சொல்லிட்டுப் போற நர்சம்மா பங்கும் இருக்குது. அந்தம்மாவுக்கு எங்கூர்ல குடுத்த பெரிய பட்டம், "ஊசிக்காரி".

இதெல்லாம் நம்மூர்லதான் இப்படியோன்னு நெனைச்சேன். என்ற பேரன் இங்கிலாந்துல இருக்கான். அங்க 1948-ல இருந்து எல்லாத்துக்கும் வரிப்பணத்துல வைத்தியம். ஒவ்வொரு குடும்பமும் பக்கத்துல இருக்கற ஜிபிங்கற டாக்டருகிட்ட பேரைப் பதிஞ்சுக்கோணும். அவரைப் பாக்காம நேரா பெரிய டாக்டருகிட்டப் போக முடியாது, அவசரம்னா மட்டும் விதிவிலக்கு. அரசாங்கம் அந்த டாக்டருக்கு ஊசிக்கு இத்தனைன்னு குடுக்கறதில்ல. பதிஞ்ச தலைக்கு இத்தனைன்னு குடுக்குது, கெழடுகட்டைக்குக் கொஞ்சம் எச்சா. 2004-ல இருந்து, சக்கரையும் பிரசரும் கட்டுக்குள்ள இருந்தா அதுக்குத் தனியாக் காசு. அட, நோயாளி நல்லா இருந்தா டாக்டருக்கு லாபமா, இது என்ன தலைகீழ் யாவாரம்னு கேட்டேன்.

அப்ப உங்காளுங்க அந்த டாக்டரைக் கொண்டாடுவாங்களேன்னேன். பேரன் சிரிக்கறான். காலையில எட்டு மணிக்குப் போனைப் போட்டு, லைனு கெடைக்காமக் கத்திக்கிட்டிருக்காங்களாம். 2024-ல எடுத்த ஒரு பெரிய கருத்துக் கணிப்புல, ஜிபி சேவை திருப்தின்னு சொன்னவங்க நூத்துக்கு 31 பேருதானாம். ஆனா பாருங்க, வைத்தியம் ஓசியாவே இருக்கோணும்னு அதே சனத்துல பத்துக்கு ஒம்போது பேரு சொல்றாங்க. திட்டறது வேற, விட்டுக் குடுக்கறது வேறன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. எங்களுக்குத் திட்டவும் தெரியும், விட்டுட்டுக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறவும் தெரியும்.

ஆகக் கூடி இந்தக் கெழவன் கணக்கு இதுதான். ஊசிக்குக் காசு குடுத்தா ஊசி எச்சா வரும். படுக்கைக்குக் காசு குடுத்தா படுக்கை நெறையும். மாசச் சம்பளம் மட்டும் குடுத்தா சிலரு கடிகாரத்தைப் பாப்பாங்க. தலைக்கு இத்தனைன்னா சிலரு தலையை எண்ணிட்டு ஆளைப் பாக்க மாட்டாங்க. எந்த வழியிலயும் ஓட்டை இருக்குது, மனுசன் கண்டுபுடிச்சதுதானே. ஆனா எந்த ஓட்டை வழியா எதை எழக்கறோம்னாவது தெரிஞ்சிருக்கோணும். "ஒண்ணுமில்ல, வூட்டுக்குப் போங்க"ன்னு தைரியமாச் சொல்றதுக்கு ஒரு டாக்டரு எத்தனை படிக்கோணும்! அந்த வார்த்தைக்குத்தான் இந்த நாட்டுல யாரும் பத்துப் பைசா குடுக்கறதில்ல.

நாலாவது யோசனை ஒண்ணு பாக்கி இருக்குது. ஊசி கேட்டு வர்றவங்ககிட்ட இன்னும் ரெண்டு வருசம் திட்டு வாங்குங்க. ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு நோட்டுப் போட்டு, யாருக்கு என்ன பிரசரு, யாருக்கு எந்த மருந்து ஆகாதுன்னு எழுதி வையுங்க. உங்களுக்குப் பொறவு வர்ற டாக்டரு அந்த நோட்டைப் பாத்துத் தொடங்கட்டும். நாங்க டாக்டரை மாத்தினாலும், டிபார்ட்மெண்ட் டாக்டரை மாத்தினாலும், நோட்டு மாறாம இருக்கட்டும். கெட்ட பேரு வந்தா வெசனப்படாதீங்க. எங்கூர்ல நல்ல பேரு வாங்கின டாக்டருங்க கட்டின வூட்டை நானே போயிப் பாத்திருக்கேன், மாடிக்கு லிப்ட் வெச்சிருக்காங்க.

மிச்சத்தை நான் பாத்துக்கறேன். பதினஞ்சாவது நிதிக்குழு ஊராட்சி, நகராட்சிங்க வழியா ஆரோக்கியத்துக்குன்னே அஞ்சு வருசத்துக்கு 70,051 கோடி ஒதுக்கச் சொன்னதாப் படிச்சேன். துணை சுகாதார நிலையத்துக்குக் கட்டடம், டெஸ்ட் பண்ற வசதி, இதுக்கெல்லாந்தான் அந்தக் காசு. அதுல எங்கூருக்கு என்ன வந்துச்சுன்னு கிராம சபையில எந்திரிச்சு நின்னு கேக்கப் போறேன். ரெண்டாவது டாக்டரு போஸ்டு என்னாச்சு, ரத்த டெஸ்ட்டுக்கு எதுக்கு டவுனுக்குப் போகோணும், டாக்டரு நாலு வருசமாச்சும் ஒரே எடத்துல இருக்கறதுக்கு என்ன வழின்னும் கேப்பேன். "பெரிசு, உக்காருங்க"ன்னு சொல்லுவாங்க. நின்னுக்கிட்டே இருப்பேன், முட்டி வலிக்கு நீங்க குடுத்த மாத்திரையை நெசமாவே முழுங்கிட்டுத்தான் போறேன்.

இதைப் படிக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கிராம சபையில தெருவிளக்குக்கும் கோயில் ரோட்டுக்கும் கை தூக்கறீங்க, நல்லது. உங்கூரு சுகாதார நிலையத்துக்கும் ஒருக்கா கையைத் தூக்குங்க. தூக்கிட்டு வர்றப்ப அப்படியே உள்ள போயிப் பிரசரையும் பாத்துட்டு வாங்க. காசு கேக்க மாட்டாங்க, அதனால மட்டம்னு நெனைக்காதீங்க. அந்தக் காசை நீங்க ஏற்கெனவே வரியாக் கட்டிட்டீங்க.